போஸ்ட்ஃபிக்ஸ்: மெயில் உள்ளே வருகிறது, வெளியே போக மறுக்கிறது

கேள்வி

டெபியன் 12 லினக்ஸ், மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ், பயனர்களுக்கு அஞ்சல்பெட்டியைத் திறந்துகாட்டும் டவ்காட். வாடகை விபிஎஸ்ஸில் (மெய்நிகர் சர்வர்) ஓடுகிறது. வெளியிலிருந்து மெயில் ஒழுங்காக வருகிறது, உள்ளூர்ப் பயனர்களுக்குள்ளும் போகிறது. வெளியே எந்த டொமைனுக்கு அனுப்பினாலும் க்யூவில் தங்கிவிடுகிறது. ஜிமெயிலுக்கு அனுப்பியபோது லாகில் ஐபிவி6 முகவரிகளுக்கு இரண்டு வரி 'நெட்வொர்க் ஈஸ் அன்ரீச்சபிள்', ஐபிவி4 முகவரிகளுக்கு மூன்று வரி 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்'. கடைசி வரி: டிலே=90, டிலேஸ்=0.06/0.02/90/0, ஸ்டேட்டஸ்=டெஃபர்டு. எஸ்பிஎஃப் (எந்த சர்வர்கள் நம் பெயரில் அனுப்பலாம் என்ற டிஎன்எஸ் பட்டியல்), டிகேஐஎம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையெழுத்து) பதிவுகளை மாற்றி மாற்றிப் போட்டாயிற்று. யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 587ஆம் போர்ட்டையும் திறந்தாயிற்று. வேறு எங்கே பார்க்க வேண்டும்?

பதில் 1

முதலில் எஸ்பிஎஃபையும் டிகேஐஎம்மையும் விட்டுவிடுங்கள். அவற்றைச் சரிபார்ப்பது எதிர்முனை சர்வர். உங்கள் மெயில் இன்னும் அதன் வாசலையே மிதிக்கவில்லை.

விடை நீங்கள் ஒட்டிய வரியிலேயே இருக்கிறது. டிலேஸில் உள்ள நான்கு எண்களும் வரிசையாக: க்யூ மேனேஜரிடம் வருமுன் ஆன நேரம், க்யூ மேனேஜரில் காத்திருந்த நேரம், இணைப்பை ஏற்படுத்த ஆன நேரம், மெயிலைக் கடத்த ஆன நேரம். உங்களுக்கு மூன்றாவது 90, நான்காவது 0. போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு முயற்சியில் அதிகபட்சம் 5 முகவரிகளைத் தட்டிப்பார்க்கும்; ஒவ்வொன்றுக்கும் 30 நொடி காத்திருக்கும். ஐபிவி6 இரண்டும் உடனே தோற்றன, மீதி மூன்றுக்கும் முப்பது முப்பதாகத் தொண்ணூறு. கணக்கு கச்சிதமாக ஒட்டுகிறது. வெளியே போகும் 25ஆம் போர்ட்டை யாரோ சத்தமில்லாமல் விழுங்குகிறார்கள். மறுத்திருந்தால் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனே வந்திருக்கும்.

யார் விழுங்குகிறார்கள் என்று பார்க்க, ஒரு டெர்மினலில், போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் 'டிசிபிடம்ப் -என்ஐ எனி போர்ட் 25' ஓடட்டும். இன்னொன்றில் 'என்சி -விஇசட் -டபிள்யூ 5' என்று எதிர்முனையின் எம்எக்ஸ் (அந்த டொமைனுக்கு மெயில் வாங்கும் சர்வர்) பெயரையும் 25ஐயும் கொடுங்கள். இணைப்பைத் தொடங்கும் எஸ்ஒய்என் பாக்கெட்டே தெரியாவிட்டால் உங்கள் ஃபயர்வால்தான் தடுக்கிறது. எஸ்ஒய்என் வெளியே போய் பதில் வராவிட்டால் தடை உங்களுக்கு மேலே, ஹோஸ்டிங் நிறுவனத்தின் பக்கம். இரண்டு மூன்று வேறு டொமைன்களின் எம்எக்ஸுக்கும் செய்து பாருங்கள்.

587 இதற்கு மருந்தே இல்லை. அது உங்கள் பயனர்கள் உங்கள் சர்வரிடம் மெயிலை ஒப்படைக்கும் வழி. சர்வருக்குச் சர்வர் பேச்சு 25இல் மட்டுமே.

பதில் 2

தடை மேலே என்றால் இரண்டு வழி. ஹோஸ்டிங் நிறுவனத்திடம் 25ஐத் திறக்கக் கேட்கலாம். மறுத்தால், உங்கள் மெயிலை வாங்கி வெளியே சேர்க்கும் ஒரு ரிலே சேவை வழியாக 587இல் அனுப்பலாம். போஸ்ட்ஃபிக்ஸின் ரிலேஹோஸ்ட் அமைப்பில் ரிலேயின் பெயரைச் சதுர அடைப்புக்குள் போட்டு, பின்னால் :587 சேருங்கள். அடைப்பு இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயரின் எம்எக்ஸைத் தேடிக்கொண்டு வேறெங்கோ போய்விடும். ரிலேயின் பாஸ்வேர்டு கோப்பிலும் அதே வடிவம், அடைப்பும் போர்ட்டும் உட்பட, எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும். பிறகு அந்தக் கோப்பின் மேல் 'போஸ்ட்மேப்' ஓட்டுங்கள்; போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவுக்கு அது மாற்றித் தரும். டெபியனில் 'லிப்சாசில்2-மாட்யூல்ஸ்' பொதியை நிறுவ மறந்தால் 'நோ வொர்தி மெக்ஸ் ஃபவுண்ட்' என்று லாகில் புலம்பும். ரிலே சேவை தரும் 'இன்க்ளூட்' பகுதியை உங்கள் எஸ்பிஎஃப் பதிவில் சேர்க்கவும் வேண்டும்.

ஐபிவி6 வழியே இல்லாத சர்வரில் ஐநெட்_புரோட்டோகால்ஸ் = ஐபிவி4 என்று வைத்துவிடுங்கள். ஐந்து முகவரி இடங்களில் இரண்டு வீணாகப் போவது நிற்கும். இந்த மாற்றத்துக்கு ரீலோடு போதாது, போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தித் தொடங்க வேண்டும்.

பதில் 3

பதில் 2இன் கடைசிப் பத்திக்கு ஒரு திருத்தம். உள்ளே வரும் மெயிலை ஐபிவி6இல் வாங்குபவர்கள் அந்த ஐபிவி4 வரியைப் பொது அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃபில் போட்டால் ஐபிவி6 வரவும் நின்றுபோகும். சேவைகளைத் தனித்தனியே பட்டியலிடும் மாஸ்டர்.சிஎஃபில், மெயிலை வெளியே அனுப்பும் 'எஸ்எம்டிபி யூனிக்ஸ்' சேவைக்குக் கீழே மட்டும் '-ஓ' கொண்டு அந்த வரியை வையுங்கள். வெளியே போவது மட்டும் ஐபிவி4 ஆகும். கேட்டவருக்கு ஐபிவி6 இல்லை என்பதால் எது செய்தாலும் ஒன்றுதான்.

கேட்டவர்

எஸ்ஒய்என் போகிறது, பதில் இல்லை. ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்டு 25 திறந்தாயிற்று. இப்போது இணைப்பு கிடைக்கிறது, ஆனால் ஜிமெயில் 550-5.7.25 என்று திருப்புகிறது. மற்ற ஒரு டொமைன் 450 தருகிறது.

பதில் 1

நல்ல முன்னேற்றம், இப்போதாவது எதிர்முனை பேசுகிறது. 5.7.25 என்றால் உங்கள் ஐபிக்கு பிடிஆர் (ஐபியிலிருந்து பெயரைத் தரும் டிஎன்எஸ் பதிவு) இல்லை, அல்லது பிடிஆர் காட்டும் பெயர் அதே ஐபிக்குத் திரும்பவில்லை. இதை உங்கள் டொமைனின் டிஎன்எஸ் பக்கத்தில் தேடாதீர்கள். பிடிஆர் ஐபியின் உரிமையாளர் கையில். ஹோஸ்டிங் பேனலில் 'ரிவர்ஸ் டிஎன்எஸ்' என்று இருக்கும். 'டிக் -எக்ஸ்' கொண்டு ஐபியைக் கேட்டால் மெயில்.எக்ஸாம்பிள்.காம் போல ஒரு பெயர் வரவேண்டும், அந்தப் பெயரின் ஏ பதிவு (பெயரிலிருந்து ஐபியைத் தருவது) அதே ஐபியைத் தரவேண்டும். போஸ்ட்ஃபிக்ஸின் மைஹோஸ்ட்நேம் அமைப்பும் அதே பெயராக இருக்கட்டும், எதிர்முனையிடம் சர்வர் தன்னை அறிமுகப்படுத்தும் ஹலோ வரியில் போவது அதுதான்.

450 பெரும்பாலும் கிரேலிஸ்டிங், அதாவது புதிய அனுப்புநரை 'பிறகு வா' என்று தற்காலிகமாகத் திருப்புவது. சும்மா விடுங்கள், போஸ்ட்ஃபிக்ஸ் தானாகத் திரும்ப முயலும். முயற்சிகளின் இடைவெளி 300 நொடியில் தொடங்கி 4000 நொடி வரை நீளும், 5 நாள் கழித்துத்தான் மெயில் திருப்பி அனுப்பப்படும். பிடிஆர் சரியானதும், க்யூவில் உள்ளதை உடனே அனுப்பப் பார்க்கும் 'போஸ்ட்க்யூ -எஃப்' ஒருமுறை போதும். அதை, நேரப்படி கட்டளைகளை ஓட்டும் கிரானில் போட்டு நிமிடத்துக்கொரு தடவை தள்ளுபவர்கள் எதிர்முனையின் வேகத்தடையைத் தாங்களே கேட்டு வாங்குகிறார்கள்.

பதில் 3

இப்போதுதான் டிகேஐஎம்மின் முறை. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் எல்லா அனுப்புநர்களிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் கேட்கிறது. நாளுக்கு 5000க்கு மேல் அனுப்பினால் இரண்டும் வேண்டும், டிமார்க்கும் (அந்தச் சோதனைகளில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) வேண்டும். வழக்கமாக மாட்டும் இடம்: தண்டர்பேர்டு போன்ற மெயில் செயலியில் அனுப்பியது கையெழுத்தோடு போகும், கிரானும் பிஎச்பியும் அனுப்பியது வெறுமையாகப் போகும். கையெழுத்திடும் வடிகட்டியை (மில்டர்) போஸ்ட்ஃபிக்ஸோடு இணைக்கும் அமைப்புகளில் எஸ்எம்டிபிடி_மில்டர்ஸ் மட்டும் எழுதி, நான்_எஸ்எம்டிபிடி_மில்டர்ஸை விட்டுவிட்டதே காரணம். கிரானும் பிஎச்பியும் பயன்படுத்தும் சென்ட்மெயில் கட்டளை வழியாக வரும் மெயில், நெட்வொர்க் வழியாக மெயில் வாங்கும் எஸ்எம்டிபிடியைத் தொடுவதே இல்லை.

எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்கலாம், அதன் டிஎன்எஸ் தேடல்கள் 10ஐத் தாண்டக்கூடாது. மாற்றி மாற்றிப் போட்டதாகச் சொன்னீர்கள்; பழைய வரி இன்னொரு டிஎக்ஸ்டி பதிவாக ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று 'டிக் டிஎக்ஸ்டி' போட்டுப் பாருங்கள்.

பதில் 2

ஐபி கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்ப்பீர்கள். அத்தகைய பட்டியல் வைத்திருக்கும் ஸ்பாம்ஹாஸை 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர் (டிஎன்எஸ் கேள்விக்கு விடை தேடித் தரும் சர்வர்) வழியாகக் கேட்டால் 127.255.255.254 என்று வரும். அது 'பொது ரிசால்வர் வழியாகக் கேட்காதே' என்ற பதில். உங்கள் ஐபி பட்டியலில் இருப்பதாக அர்த்தமில்லை. சர்வரிலேயே அன்பவுண்டு என்ற சொந்த ரிசால்வரை நிறுவி, அதன் வழியாகக் கேளுங்கள்.