உகாண்டா பலபெக் அகதிகள் குடியிருப்பில் 6 மாத ஊழியம்: உடம்பு, தண்ணீர், செபம்

மாமரத்தடி:
இயேசுவுக்கே புகழ். வருகிற ஜனவரி முதல் ஆறு மாதம் வட உகாண்டாவின் பலபெக் குடியிருப்புக்குப் பொதுநிலைத் தன்னார்வலராகப் போகிறேன். 2017 ஏப்ரலில் திறந்தது, தென்சூடானிலிருந்து வந்த அச்சோலி மக்கள்தான் அதிகம், சலேசிய சபைத் துறவிகள் உள்ளேயே தங்கி ஊழியம் செய்கிறார்கள் என்பது வரை தெரியும். வீடு சந்திப்பது, சிறுவர் மறைக்கல்வி, சுகாதாரக் குழுவுக்குக் கைகொடுப்பது, இவைதான் என் வேலை. போகுமுன் ஊசி மருந்து என்னென்ன? வீடுகளில் தண்ணீரை எப்படிப் பார்ப்பது? உதவி வாங்க வருகிறவர்களோடு அங்கேயே செபிக்கலாமா? நம் ஊரில் அரிசி கொடுத்தால் செபித்துவிட்டுத்தானே கொடுப்போம்? பிள்ளைகளுக்கு மிட்டாய், பழைய துணி கொண்டுபோகலாம் என்றும் இருக்கிறேன்.

வெள்ளை_உடுப்பு:
மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் போட்டால்தான் அட்டை செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஆயுளுக்கு ஒரு ஊசி போதும். அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அது கையில் இல்லாவிட்டால் இங்கே 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள்.

பெரிய ஆபத்து மலேரியா. டாக்டர் டாக்சிசைக்ளின் எழுதினால் தினமும் 100 மி.கி. போவதற்கு ஒருநாள் முன்பே தொடங்கி, அங்கிருந்து கிளம்பிய பின்னும் 4 வாரம் விடாமல் போட வேண்டும். ஊர் வந்ததும் நிறுத்துவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. கல்லீரலில் பதுங்கியிருக்கும் கிருமி ரத்தத்துக்கு வர நாளாகும். இந்த மாத்திரையோ ரத்தத்துக்கு வந்த கிருமியைத்தான் பிடிக்கும். சாப்பிட்டபின் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரம் உட்கார்ந்திருங்கள். படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். வெயிலில் தோலும் சீக்கிரம் கருகும், முழுக்கை சட்டை போடுங்கள். மாத்திரை போட்டாலும் கொசுவலை வேண்டும். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தம் பாருங்கள்.

வீடு சந்திப்பில் கைச்சுற்றளவு நாடா கொடுப்பார்கள். 6 மாதம் முதல் 5 வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு இடது கையில் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே அளக்க வேண்டும். 11.5 செ.மீ.க்குக் கீழே, நாடாவில் சிவப்பு, என்றால் கடுமையான ஊட்டக்குறைவு. 12.5க்குக் கீழே, மஞ்சள், என்றால் மிதமானது. அதற்கு மேல் பச்சை. நாடாவை இறுக்கிவிட்டால் நல்ல பிள்ளையும் சிவப்பில் விழும், தளர்த்தினால் நோயுள்ள பிள்ளை பச்சையில் தப்பும். இரண்டு பாதமும் வீங்கி, கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தினால் குழி விழுந்தால் நாடா என்ன சொன்னாலும் உடனே மருத்துவ நிலையத்துக்கு அனுப்புங்கள்.

கைபம்பு:
தண்ணீரைப் பற்றி நான் சொல்கிறேன் தம்பி. முதலில் குடத்தைப் பாருங்கள், அதாவது அங்கே 20 லிட்டர் மஞ்சள் ஜெர்ரிகேன். பம்பில் நல்ல தண்ணீர்தான் வரும், கெடுவது கேனுக்குள். விரலை வாய்க்குள் விட்டு உட்சுவரைத் தடவினால் வழுவழு என்று பாசி மாதிரி ஒட்டும். குளோரினைத் தின்பது அந்த வழுவழுப்புதான். ஒரு கை கூழாங்கல், கொஞ்சம் சோப்பு, இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி மூடி, ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கிக் கொட்டி, மூன்று முறை அலசச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை செய்தால் போதும்.

தண்ணீரில் போடும் குளோரின் மாத்திரையில் 67 மி.கி. என்று இருந்தால் அது 20 லிட்டருக்கு ஒன்று. 10 லிட்டர் கேனில் போட்டால் வாடை தாங்காமல் கொட்டிவிட்டு ஓடைத் தண்ணீருக்குப் போய்விடுவார்கள். கலங்கல் என்றால் நாலாக மடித்த பருத்தித் துணியில் வடிகட்டி, இரண்டு மாத்திரை. எப்படியானாலும் 30 நிமிடம் காத்திருந்தே குடிக்க வேண்டும். சோதனையில் மீதக் குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மி.கி. வரை இருந்தால் சரி.

அளவும் முக்கியம். நிவாரணப் பணிக்கான உலகத் தர அளவுகளைச் சொல்லும் ஸ்ஃபியர் கையேட்டின்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர், ஒரு கைபம்புக்கு 500 பேர். ஆறு பேர் உள்ள வீட்டுக்கு நாலரை கேன். இரண்டு கேன்தான் எடுக்கிறார்கள் என்றால் சோம்பல் என்று எழுதிவிடாதீர்கள். பம்பு தூரமா, வரிசை நீளமா, வீட்டில் கேனே இரண்டுதானா என்று கேளுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை வறட்சி, நீங்கள் போய் இறங்குவதே அதற்குள்தான்.

பாய்மரம்:
மூன்றாவது கேள்விக்கு என் பதில்: உதவி வரிசையில் செபம் வேண்டாம். ஊரில் தெரிந்தவருக்கு அரிசி கொடுப்பது வேறு. அங்கே வரிசையில் நிற்பவர் ஆங்கிலிக்கனாக, பெந்தெகொஸ்தேயாக, முஸ்லிமாக இருக்கலாம். பட்டியலில் பெயர் போய்விடுமோ என்ற பயத்திலேயே கைகூப்புவார். அப்படி வாங்கிய ஆமென் யாருக்கு? உதவியை மதத்தைப் பரப்பக் கருவியாக்கக் கூடாது என்ற 1994 நடத்தை நெறியில் செஞ்சிலுவைச் சங்கத்தோடு கத்தோலிக்க உதவி அமைப்பான காரித்தாசும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் உலகத் திருச்சபைகள் மன்றமும் சேர்ந்து நின்றன. இது வெளியார் போட்ட கட்டுப்பாடு இல்லை, சபைகளே ஏற்றது. சோப்பு கொடுக்கும் இடமும் நாளும் வேறு, செபிக்கும் இடமும் நாளும் வேறு என்று வையுங்கள்.

வீட்டில் ஒரு தாய் தானாகக் கேட்டால் தாராளமாகச் செபியுங்கள். அப்போதும் உபதேசியார் கூட இருந்தால் அச்சோலியில் அவரே செபிக்கட்டும். "ருபாங்கா" என்று தன் மொழியில் கடவுளைக் கூப்பிடும்போது வருகிற அழுகை ஆங்கிலத்தில் வராது. எல்லையில் என்ன நடந்தது என்று நீங்களாகக் கேட்காதீர்கள். சொன்னால் கேளுங்கள், அவசரமாகத் தேற்றாதீர்கள், உளநல ஊழியரிடம் சேர்த்துவிடுங்கள்.

ஞாயிறு வழிபாடு மரத்தடியில் நடக்கும், குருவானவர் வராத வாரம் உபதேசியார் நடத்துவார். காணிக்கையில் சோளக்கதிர், முட்டை, பயறு வரும். ஏழைகளாயிற்றே என்று திருப்பிக் கொடுக்காதீர்கள், அவர்களுக்கு அதைவிட அவமானம் இல்லை. அந்த மண்ணின் சாட்சிகளைத் தெரிந்துகொண்டு போங்கள். வட உகாண்டாவின் பைமோலில் 1918இல் கொல்லப்பட்ட தாவூதி ஒகேலோ, ஜில்டோ இர்வா இருவரும் அச்சோலி இளம் உபதேசியார்கள், 2002இல் அருளாளராக உயர்த்தப்பட்டவர்கள். பிப்ரவரி 8 புனித பக்கீத்தா திருநாள்; சூடானின் தார்பூரில் பிறந்து அடிமையாக விற்கப்பட்டவர். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களிடம் மறைக்கல்வியை அவரிடமிருந்தே தொடங்கலாம்.

மிட்டாய், துணி இரண்டும் வேண்டாம். வண்டியிலிருந்து ஒருநாள் மிட்டாய் கொடுத்தால் மறுநாள் முதல் பிள்ளைகள் சக்கரத்தோடு ஓடுவார்கள். பழைய துணி அங்கே சந்தையிலேயே குவிந்து கிடக்கிறது. அந்தப் பணத்தைப் பங்கில் கொடுத்தால் அங்கேயே நோட்டு, பென்சில் வாங்குவார்கள்.

மாமரத்தடி:
மிட்டாயை விட்டுவிட்டேன். சாப்பாடும் பழக்கவழக்கமும் பற்றி யாராவது?

கைபம்பு:
போஷோ என்ற சோளமாவுக் களியும் அவரையும் தினப்படி. மலாக்வாங் என்றொரு கீரை, நம் புளிச்சக்கீரை போலப் புளிக்கும், வேர்க்கடலை விழுதில் செய்வார்கள், அது உங்களுக்கு நிச்சயம் பிடிக்கும். நேரம் கேட்டால் கவனம்: கிழக்கு ஆப்பிரிக்கக் கணக்கில் காலை 7 மணிதான் முதல் மணி. "இரண்டு மணிக்குக் கூட்டம்" என்று மொழிபெயர்ப்பில் வந்தால் காலை எட்டா, பகல் இரண்டா என்று திரும்பக் கேளுங்கள். பெண்களும் பிள்ளைகளும் முழங்காலிட்டு வணக்கம் சொல்வார்கள். பதறித் தூக்கிவிடாதீர்கள். குனிந்து கைகொடுத்து "அப்வோயோ" சொல்லுங்கள், வணக்கத்துக்கும் நன்றிக்கும் அந்த ஒரே சொல்தான். குடியிருப்புக்குள் போக அங்குள்ள பிரதமர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும், அதைச் சபை வாங்கிவிட்டதா என்று டிக்கெட் போடுமுன் கேட்டுவிடுங்கள்.