ஸ்பாட்-ஆன் (தோலில் விடும் உண்ணிச் சொட்டு மருந்து) போட்டு 12 நாளாச்சு, லேப்ரடார் மேல் உண்ணி குறையவில்லை. மிச்ச டியூபைப் பூனைக்குப் போடலாமா?

வேளச்சேரி_லேப் (கேள்வி)

வணக்கம். 4 வயது ஆண் லேப்ரடார், 31 கிலோ. கூடவே 3.5 கிலோவில் ஒரு நாட்டுப் பூனை. இரண்டும் ஒரே பாயில்தான் படுக்கும். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து தினமும் நாய் மேலிருந்து பத்துப் பதினைந்து உண்ணி எடுக்கிறோம். காது மடல், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில்தான் அதிகம். 12 நாள் முன்பு ஸ்பாட்-ஆன் போட்டும் குறையவில்லை.

குளிப்பாட்டி இரண்டாம் நாளே ஈரச் சாக்கு நாற்றம் வருகிறது. இடது காதில் பழுப்பு அழுக்கு, புளித்த வாடை. தலையை உதறிக்கொண்டே இருக்கிறான்.

டப்பாவில் இன்னொரு டியூப் மிச்சம் இருக்கிறது. பூனைக்கும் உண்ணி ஏறிவிடும் என்று பயம். எடைக்குத் தக்கபடி கொஞ்சமாகப் போடலாமா?

பூனைக்கூடம்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். ஒரு சொட்டுகூட வேண்டாம். அட்டையில் மருந்தின் பெயரைப் பாருங்கள். பெர்மெத்ரின் என்று இருந்தால் பூனைக்கு அது விஷம். நாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அந்த வேலைக்கான நொதி மிகக் குறைவு. எனவே எடை பத்தில் ஒன்று, மருந்தும் பத்தில் ஒன்று என்ற கணக்கு இங்கே எடுபடாது.

நாய்க்குப் போட்டாலும் பூனைக்கு ஆபத்து உண்டு. ஈரம் காயாத முதுகில் உரசிப் படுப்பது, நாயை நக்குவது இரண்டுமே போதும். போட்ட நாளிலிருந்து 3 நாள் இரண்டையும் தனித்தனி அறையில் வையுங்கள். 12 நாள் ஆகிவிட்டதால் இந்தச் சுற்றில் தப்பித்தீர்கள்.

தவறிப் பட்டுவிட்டால் காதும் முகத்தோலும் துடிக்கும், எச்சில் ஒழுகும், கால் பின்னும், உடம்பு நடுங்கும், பிறகு வலிப்பு. சில மணி நேரத்தில் வரலாம், மறுநாளும் வரலாம். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பால் அந்த இடத்தைக் கழுவித் துவட்டி, டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போங்கள். கொதிக்கிற நீர் கூடாது. தோலில் ரத்த ஓட்டம் கூடி மருந்து இன்னும் உள்ளே இறங்கும். வலிப்பு தொடங்கிவிட்டால் கழுவ நிற்காமல் கிளம்பிவிடுங்கள்.

வேளச்சேரி_லேப்

நல்லவேளை கேட்டேன். அட்டையில் ஃபிப்ரோனில், பெர்மெத்ரின் இரண்டும் இருக்கிறது. 20 முதல் 40 கிலோ வரை என்று போட்டிருக்கிறது, எனவே அளவு சரிதான். காலையில் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி, அன்று மாலையே போட்டோம். பிறகும் ஞாயிறுதோறும் குளியல் உண்டு, கடைசி நீரில் கொஞ்சம் டெட்டால்.

உண்ணி_கணக்கு

மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு விடை உங்கள் பதிலிலேயே இருக்குங்க. ஸ்பாட்-ஆன் மருந்து தோலில் சுரக்கிற எண்ணெய்ப்பசையில் கரைஞ்சுதான் உடம்பு முழுக்கப் பரவும். காலையில் ஷாம்பூ அந்தப் பசையை வழிச்சு எடுத்துடுச்சு. மாலையில் ஊத்தின மருந்து பரவ வழியில்லாம அங்கேயே நின்னிருக்கும். மீதியை ஞாயிறு குளியல் கொண்டுபோயிடுச்சு. போடறதுக்கு முன்னாடி 48 மணி நேரம், போட்ட பிறகு 48 மணி நேரம் குளியல் கிடையாது. அதுக்கப்புறமும் வாராவாரம் ஷாம்பூ போட்டா ஒரு மாசம் நிக்க வேண்டியது பாதியிலேயே போயிடும்.

போடற விதமும் பாருங்க. முடியை இரண்டாப் பிரிச்சு, வெள்ளைத் தோல் தெரிஞ்ச பிறகு டியூப் முனையைத் தோல்லயே வெச்சு அழுத்தணும். முடி மேல ஊத்தினா முடியோட போச்சு. பெரிய நாய்க்கு ஒரே இடத்தில் கொட்டாம, தோள்பட்டை நடுவிலிருந்து வால் அடி வரைக்கும் மூணு நாலு இடத்தில் பிரிச்சுப் போடச் சொல்லியிருந்தா அப்படியே செய்யுங்க.

இதெல்லாம் சரியா செஞ்சாலும் உங்க உண்ணி குறையாது. ஏன்னா அது நாய் மேல இல்ல, உங்க சுவத்துல இருக்கு. நம்ம ஊர்ல நாயைப் பிடிக்கிறது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணிதான். குஞ்சா ஒரு தடவை, இளசா ஒரு தடவை, வளர்ந்து ஒரு தடவைன்னு மூணு முறை நாய் மேல ஏறி ரத்தம் குடிக்கும். ஒவ்வொரு முறையும் இறங்கிப் போய் விரிசல்ல ஒளிஞ்சுக்கும். மத்த உண்ணிக்குப் புல்லு வேணும், இதுக்கு வீடே போதும். வயிறு புடைச்ச பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை போடும். நல்லா வளர்ந்த உண்ணி மாசக்கணக்கில் பட்டினி கிடந்தும் உயிரோட இருக்கும். ஊருக்குப் போய் ஒரு மாசம் கழிச்சு வந்து பார்த்தும் உண்ணி இருக்கேன்னு புலம்புறாங்களே, காரணம் இதுதான்.

இது மேல ஏறுற பூச்சி. தரையை மட்டும் பார்க்காதீங்க. கதவு நிலைக்கும் சுவத்துக்கும் நடுவுல உள்ள சந்து, ஸ்விட்ச் போர்டு ஓரம், திரைச்சீலை மடிப்பு, கட்டில் மூட்டு, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி, போர்ட்டிகோ கூரை மூலை எல்லாத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. வாக்யூம் கிளீனர் இருந்தா சந்து முனை மாட்டி இழுங்க. உள்ளே இருக்கிற பையை அப்பவே பாலிதீன்ல கட்டி வெளியே போடணும், இல்லன்னா பைக்குள்ளேருந்து திரும்பி வந்துடும். அந்தப் பாயைத் தூக்கிப் போடுங்க, கோரை இடுக்கைச் சுத்தம் பண்ணவே முடியாது. துவைக்கக்கூடிய துணி விரிச்சு, வாரம் இரண்டு தடவை கொதிநீர்ல ஊறவெச்சுத் துவைங்க. விரிசலை வெள்ளை சிமென்ட்டால அடைச்சிடுங்க. செலவு கம்மி, பலன் அதிகம்.

பூச்சி மருந்து அடிக்கிற ஆளைக் கூப்பிட்டா ஒரு தடவையோட நிறுத்தாதீங்க. மருந்துல முட்டை சாகாது. குஞ்சு பொரிஞ்சு வர்ற நேரம் பார்த்து, இரண்டு மூணு வாரம் கழிச்சு மறுபடி அடிக்கணும். அவங்க கொண்டு வர்றதும் பெரும்பாலும் பெர்மெத்ரினோட பங்காளிதான் (சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின்). தரை முழுசாக் காயற வரைக்கும் பூனை வீட்டில் இருக்கக் கூடாது. மீன் தொட்டி இருந்தா காத்து மோட்டாரை நிறுத்திட்டு மூடிடுங்க.

குடைமிளகாய்

அமிட்ராஸ் குளியலை யாரும் சொல்லவில்லையே? 12.5 சதவீத மருந்தை ஒரு லிட்டர் நீருக்கு 2 மி.லி. கலந்து, குளித்த பிறகு உடம்பு முழுக்க ஊற்றிக் கழுவாமல் காயவிட்டால் மறுநாளே உண்ணி கொட்டும். விலையும் குறைவு.

உண்ணி_கணக்கு

கொட்டும், மறுக்கலை. ஆனா இந்த வீட்டுக்கு ஆகாது. கழுவாம காயவிடற மருந்து அது. பக்கத்திலேயே பூனை படுக்குது, பூனைக்கு அமிட்ராஸும் ஆகாது. நாயும் காயறதுக்குள்ள நக்கினா மயங்கிச் சுருண்டு கிடக்கும். சர்க்கரை நோய் உள்ள நாய்க்குக் கூடவே கூடாது. கலந்து மீந்ததை மறுவாரம் எடுத்து ஊத்தற பழக்கம் வேற நிறைய வீட்டில் இருக்கு. கலந்த மருந்து சிதைஞ்சிடும், அப்பப்போ புதுசாத்தான் கலக்கணும்.

பூனை இருக்கிற வீட்டுக்கு மாத்திரைதான் சுலபம். ஃப்ளூரலானர், அஃபாக்சோலானர், சரோலானர் வகை. மேல எதுவும் ஒட்டாது, குளியலும் பாதிக்காது. முதல் வகை ஏறக்குறைய 12 வாரம் நிக்கும், மத்த இரண்டும் மாசத்துக்கு ஒண்ணு. 31 கிலோவுக்கு ஃப்ளூரலானர்னா 1000 மி.கி., அஃபாக்சோலானர்னா 136 மி.கி. மாத்திரை. ஃப்ளூரலானரைச் சாப்பாட்டோட கொடுங்க, வெறும் வயித்துல சரியா ஏறாது. எப்பவாவது வலிப்பு வந்திருந்தா டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடணும், அந்த நாய்க்கு இந்த வகை யோசிச்சுத்தான் தருவாங்க. உண்ணி கடிச்சாத்தான் சாகும், அதனால மேல ஊர்றதைப் பார்த்து மருந்து பொய்னு நினைக்காதீங்க. ஊர்றது வேற, ஊதிப் பெருக்கிறது வேற.

கையால எடுக்கும்போது நசுக்காதீங்க. கூர்முனை ட்வீசரால தோலை ஒட்டிப் பிடிச்சு, திருகாம நேரா மெதுவா இழுத்து, ஸ்பிரிட் ஊத்தின மூடி போட்ட பாட்டில்ல போடுங்க. மண்ணெண்ணெய் தடவறது, ஊதுவத்தியால சுடறது இரண்டும் உண்ணியைக் கக்க வெச்சு, அதோட எச்சிலை நாய் ரத்தத்துல இறக்கிடும்.

ஈரக்காது

காதுக்கு வருகிறேன். நாயின் காதுக்குழாய் எல் வடிவில் முதலில் கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் மடங்கும். லேப்ரடாருக்கு மடல் மூடியே தொங்குவதால் மழைக்காலத்தில் உள்ளே ஈரம் காயாது, ஈஸ்ட் பெருகும். புளித்த வாடையும் பழுப்பு அழுக்கும் பெரும்பாலும் அதுதான். ஆனால் வாடையை வைத்து மட்டும் மருந்து வாங்க வேண்டாம். டாக்டர் கருவி வைத்து உள்ளே பார்த்து, செவிப்பறை முழுசாக இருக்கிறது என்று சொன்ன பிறகே எதையும் ஊற்றலாம். கிழிந்த செவிப்பறை வழியே சில மருந்துகள் உள்ளே போனால் காது கேட்காமல் போகும். அழுக்கைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயம் போட்டுப் பார்த்தால் ஈஸ்டா, பாக்டீரியாவா, இரண்டுமா என்று தெரிந்துவிடும்.

அவர் சுத்தம் செய்யச் சொன்னால்: மடலை மேலே தூக்கி, நாய்க்கான காது கழுவும் திரவத்தைக் குழாய் நிரம்பும் வரை விடுங்கள். இரண்டு சொட்டு போதாது. காதின் அடியில், தாடை ஓரமாக 30 விநாடி பிசையுங்கள். சளசளவென்று சத்தம் கேட்க வேண்டும். பிறகு கையை எடுத்துவிட்டு உதறட்டும் என்று விடுங்கள் (பழைய சட்டை போட்டுக்கொண்டு செய்வது நல்லது). வெளியே வந்த அழுக்கைப் பஞ்சால் விரல் போகும் தூரம் மட்டும் துடைத்தால் போதும். காது பட்ஸ் அழுக்கை வளைவுக்குள் திணிக்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், ஈஸ்டுக்கு அது சாப்பாடு.

நாற்றத்துக்குக் காரணம் குளியல் குறைவு அல்ல, காயாத உள்முடி. லேப்ரடாருக்கு இரட்டை அடுக்கு முடி. மேலே தொட்டால் காய்ந்திருக்கும், பிரித்துப் பார்த்தால் அடியில் ஈரம். மழை மாதங்களில் ஞாயிறு குளியலை மூன்று வாரத்துக்கு ஒன்றாக்குங்கள். வெளியே போய் வந்ததும் வயிறும் கால்களும் மட்டும் வெறும் நீரில் கழுவி, விரல் இடுக்குகளைத் தனித்தனியாகத் துடையுங்கள். குளித்த அன்று முதலில் டவல், பிறகு குளிர்காற்று ப்ளோயரை முடிக்கு எதிர்த்திசையில் காட்டுங்கள். 20 நிமிடமாவது பிடிக்கும். ஈரம் காயுமே என்று மொட்டையடித்துவிடாதீர்கள், உள்முடி தாறுமாறாக வளரும். பாதத்தின் அடியில் திண்டுகளுக்கு இடையே நீண்ட முடியை மட்டும் கத்தரித்தால் போதும்.

தோலில் எண்ணெய்ப்பிசுக்கு, சிவப்பு, செதில் இருந்தால் குளோர்ஹெக்சிடின், மைகோனசால் சேர்ந்த ஷாம்பூவை டாக்டர் எழுதுவார். அதை நுரைத்ததும் கழுவுகிறார்கள்; அங்கேதான் தோற்கிறது. கடிகாரம் பார்த்து 10 நிமிடம் தோலில் நிற்க வேண்டும். டெட்டாலை இன்றே நிறுத்துங்கள். நாயின் தோலை எரிக்கும். நாயை நக்கும் பூனைக்கோ இன்னும் மோசம், ஃபீனால் வகைப் பொருளைக் கழிக்க அதனால் முடியாது. தரை துடைக்கும் ஃபினாயிலுக்கும் இதே கதைதான்; பூனை தரையில் நடந்து பாதத்தை நக்கும்.

வேளச்சேரி_லேப்

எல்லாருக்கும் நன்றி. ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. இரண்டு நாளாகப் பாதிச் சோறுதான் சாப்பிடுகிறான், படுத்தே இருக்கிறான். மழை மந்தம் என்று நினைத்தோம்.

உண்ணி_கணக்கு

இதைத்தாங்க முதல்ல சொல்லியிருக்கணும். உண்ணி ஏறின நாய் சாப்பாட்டைக் குறைச்சா அது மந்தம் இல்ல, எர்லிக்கியாவோ பேபீசியாவோன்னு (இரண்டும் உண்ணி பரப்பற ரத்த நோய்) சந்தேகப்படணும். உதட்டைத் தூக்கி ஈறு வெளிறியிருக்கா, வயித்துல சிவப்புப் புள்ளி இருக்கா, மூக்கில் ரத்தம் கசியுதா, சிறுநீர் காபி நிறமா இருக்கான்னு பாருங்க. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வெச்சு 103 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினா காய்ச்சல். பாராசிட்டமால் கொடுக்காதீங்க (பூனைக்கு ஒரே மாத்திரை உயிரை எடுத்துடும்). இன்னிக்கே ரத்த அணுப் பரிசோதனையும், காது நுனி ரத்தத்தில் ஸ்மியரும் (கண்ணாடித் தகட்டில் தடவிக் கிருமி இருக்கான்னு பார்க்கிறது) எடுக்கச் சொல்லுங்க. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்க்கலாம்.

தண்ணி தேங்கின தெருவில் நடந்தான்னா எலிக்காய்ச்சலையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. எலி மூத்திரம் கலந்த நீர்ல வர்றது, மனுஷனுக்கும் தொத்தும். சிறுநீரைக் கையுறை போட்டே துடைங்க.

வேளச்சேரி_லேப்

பார்த்துவிட்டு வந்தோம். காய்ச்சல் 104. பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) 62,000. ஸ்மியரில் எதுவும் தெரியவில்லை. எர்லிக்கியாவாகத்தான் இருக்கும் என்று டாக்ஸிசைக்ளின் 28 நாளைக்கு எழுதியிருக்கிறார், பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) அனுப்பியிருக்கிறார். காதுக்குச் சொட்டு மருந்து. உண்ணி மாத்திரை இன்றே கொடுத்தாச்சு. எலிக்காய்ச்சல் ஊசி இப்போதே போட்டுவிடலாமா? நாளைக்கு வீட்டுக்கு வந்து நகம் வெட்டி, பல் சுத்தம் செய்யும் ஆளுக்கு முன்பதிவு இருக்கிறது, அதைத் தொடரலாமா?

ஈரக்காது

அந்த ஆளை வரவேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். பிளேட்லெட் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 62,000 என்றால், நகம் கொஞ்சம் ஆழமாக வெட்டுப்பட்டாலும் ரத்தம் நிற்கச் சிரமப்படும். பல் சுரண்டுவதும், முடிச்சு விழுந்த முடியைச் சீப்பால் இழுப்பதும் எண்ணிக்கை ஏறும்வரை வேண்டாம். நகம் தரையில் தட்டினால் ஃபைல் வைத்துத் தேயுங்கள்.

தடுப்பூசி காய்ச்சலோடு போடுவதில்லை. மருந்து முடிந்து நன்றாகத் தேறியதும் முதல் ஊசி, அடுத்த 2 முதல் 4 வாரத்தில் இரண்டாவது, பிறகு ஆண்டுக்கு ஒன்று. அடுத்த ஆண்டிலிருந்து ஆவணி வாக்கில் போட்டால் மழைக்கு முன் எதிர்ப்பு வந்துவிடும்.

டாக்ஸிசைக்ளினைத் தயிர்சாதத்தில் வைத்துக் கொடுக்காதீர்கள். தயிர், பாலில் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். கோழிக்கறியும் சோறும் சேர்த்து உருட்டி, நடுவில் வைத்துக் கொடுங்கள், பின்னாலேயே தண்ணீர். மூன்றாம் நாள் குதித்து விளையாடுவான், அப்போது நிறுத்தினால் திரும்ப வரும். ஸ்மியரில் தெரியாததால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. பேபீசியா என்று பிசிஆர் சொன்னால் இந்த மாத்திரை மட்டும் போதாது, மருந்தை மாற்றுவார்.

பூனைக்கூடம்

பூனையை விட்டுவிட்டோம். நெருக்கமான பல் உள்ள சீப்பால் பிடரியிலிருந்து வால்வரை சீவி, விழுவதை ஈரமான வெள்ளை டிஷ்யூவில் தட்டுங்கள். கருப்புத் துகள் கரைந்து செம்பழுப்பு வளையம் விட்டால் தெள்ளுப்பூச்சியின் கழிவு. அப்படி இருந்தால் பூனைக்கென்றே உள்ள ஃபிப்ரோனில் அல்லது செலாமெக்டினை, நாக்கு எட்டாத பிடரி மேட்டில் தோலில் போடுங்கள். தெள்ளு இருந்தால் நாடாப்புழுவும் இருக்கலாம், அதற்கான பிராசிகுவான்டெல் மருந்தை எடைபார்த்து வாங்குங்கள். வேப்பெண்ணெய், கற்பூரம், அலமாரி அந்துருண்டை எதுவும் பூனை படுக்கும் இடத்தில் வேண்டாம். மிச்சமுள்ள அந்த நாய் டியூப் எந்த அலமாரியில் இருக்கிறது? வீட்டில் யாராவது எடுத்துப் போட்டுவிடுவதற்கு முன் அட்டையில் ‘பூனைக்கு விஷம்’ என்று மார்க்கரால் எழுதி வையுங்கள்.