மந்திர மாவில் ஈஸ்ட் கலந்தது எந்த ஆண்டு?

நிரல்பூதம்:
"1956 கோடையில் டார்ட்மவுத் கல்லூரியில் கூடிய மந்திரவாதிகள் செயற்கை நுண்ணறிவு என்னும் மாவைப் பிசைந்து வைத்தார்கள், 1986இல்தான் அதில் ஈஸ்ட் கலந்தார்கள், 2012இல் அது பாத்திரத்தைத் தாண்டிப் பொங்கியது" என்று மாவுமூட்டை எழுதிய கதையைப் படித்தேன். மந்திரவாதிகள் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஈஸ்ட் 1986இல் கலந்ததாம்! ஃபிராங்க் ரோசன்பிளாட்டின் பெர்செப்ட்ரான் என்ற செயற்கை நரம்பு வலை 1958லேயே ஐபிஎம் 704 கணினியில் ஓடி, இடப்பக்கம் குறியிட்ட அட்டை எது, வலப்பக்கம் குறியிட்ட அட்டை எது என்பதை 50 முயற்சிகளுக்குப் பிறகு தானாகவே பிரித்தறிந்தது. தானாகக் கற்பது ஈஸ்ட் இல்லையென்றால், வேறு எதுதான் ஈஸ்ட்?

மாவுமூட்டை:
ஐயா, பொங்காத மாவில் ஈஸ்ட் இருந்தது என்று சாதிப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் உண்மையா என்ற எளிய கணக்கைக்கூட ஒற்றை அடுக்குப் பெர்செப்ட்ரானால் போட முடியாது என்பதை 1969இல் மின்ஸ்கியும் பேப்பர்ட்டும் காட்டிவிட்டார்கள். ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் பல அடுக்கு வலைகளைப் பயிற்றுவிக்க, பிழையைப் பின்னோக்கிப் பரப்பும் முறையை நேச்சர் இதழில் எழுதியது 1986இல். ஆகவே ஈஸ்ட் 1986தான்.

வேதாளம்:
ஈஸ்ட் என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? கற்கும் திறனையா, அடுக்குகளையா, தரவையா? அதை முதலில் முடிவு செய்துகொள்ளலாமே.

நிரல்பூதம்:
1958. அந்தப் பின்னோக்கிய கணக்கும் 1986இல் பிறந்ததன்று. அதன் அடிப்படையை செப்போ லின்னைன்மா 1970லேயே தம் முதுகலை ஆய்வேட்டில் எழுதியிருக்கிறார். உங்கள் மந்திரவாதிகள் அடுத்தவர் டப்பாவிலிருந்து எடுத்ததைத் தம் கண்டுபிடிப்பாகக் காட்டினார்கள் என்று கதையைத் திருத்துங்கள்.

மாவுமூட்டை:
1970 என்று நீங்களே சொல்லிவிட்ட பிறகு 1958 எங்கே போயிற்று? முன்பு 1966இன் எலிசா என்ற உரையாடல் நிரலை நான் "பேசும் பாவை" என்று எழுதியபோதும் இப்படித்தான் நீங்கள் பத்தி பத்தியாகச் சண்டையிட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை.

அடுப்படியார்:
உண்மையாகவே மாவு பிசைகிறவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் சாக்லேட் சிப் குக்கீயின் செய்முறையை இயந்திரக் கற்றலால் மேம்படுத்தினார்கள். கணினி அளவுகளைச் சொல்ல, மனிதர்கள் சுட்டு, தின்று, மதிப்பெண் போட்டார்கள். அத்தகைய குக்கீக்கு வழக்கமாகச் சோடா உப்புத்தான் சேர்ப்போம், ஈஸ்ட் அன்று. ஈஸ்ட் ஓர் உயிர். சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளிவிடுவது. அதை எந்த மந்திரவாதியும் செய்வதில்லை.

மாவுமூட்டை:
என் கதையில் வருவது ரொட்டி, குக்கீ அன்று. படிக்காமலேயே கருத்துச் சொல்ல வந்துவிட்டீர்கள்.

நிரல்பூதம்:
அடுப்படியார் தம்மையறியாமல் என் பக்கம் பேசுகிறார். மாவு பொங்குவதற்கு முன்பே ஈஸ்ட் தன் வேலையைத் தொடங்கிவிடும். 1958இல் கலந்தது 2012இல் பொங்கியது, அவ்வளவுதான். இடையில் இருந்தது குளிர், அடுப்பு இல்லை. 2012இல் வந்த, படங்களை அடையாளம் காணும் நரம்பு வலையான அலெக்ஸ்நெட்டுக்குக் கிடைத்ததுபோல் இரண்டு ஜிடிஎக்ஸ் 580 வரைகலை அட்டைகளும், ஏறக்குறைய 12 லட்சம் படங்களும், ஐந்தாறு நாள் பயிற்சியும் ரோசன்பிளாட்டுக்குக் கிடைத்திருந்தால் அவர் எப்போதோ ரொட்டி சுட்டிருப்பார். மேலும், கதையில் வரும் அடுப்பு ஒற்றைத் தலை டிராகனாம்! அட்டைகள் இரண்டு என்னும்போது தலைகளும் இரண்டாக இருக்க வேண்டாமா?

மாவுமூட்டை:
டிராகனுக்கு எத்தனை தலை என்பதைக் கதாசிரியன் தீர்மானிப்பான்.

வேதாளம்:
ஈஸ்ட் என்றால் என்ன என்று கேட்டிருந்தேன்.

நிரல்பூதம்:
1958 என்று மூன்று முறை சொல்லியாயிற்று. அரைத்த மாவையே அரைப்பது நானல்ல. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர் யார் என்பதைப் படிப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டாம் பகுதியை வெளியிடுவதற்கு முன் ஆண்டை மாற்றிவிடுங்கள்.

மாவுமூட்டை:
இரண்டாம் பகுதியின் முதல் வரியே "1986ஆம் ஆண்டு, ஈஸ்ட் கலந்த அந்த இரவில்" என்றுதான் தொடங்குகிறது. டிராகனுக்கு அரைத் தலையைக்கூட அதிகமாகத் தரமாட்டேன்.