போர் தண்ணீரில் மஞ்சள் படலம் படிகிறது, ஆர்செனிக்காக இருக்குமா?

தேவிபட்டினத்தான்:
எங்கள் வீட்டு வேலைக்கு வந்திருக்கிற கொத்தனார் மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத்காரர். நேற்று சொம்பில் தண்ணீர் கொடுத்தால், போர் தண்ணியா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் வாயில் வைத்தார். அப்புறம் உள்ளங்கையைக் காட்டினார். மிளகு மிளகாகக் காய்ப்பு, கரண்டி பிடித்துக் காய்த்தது மாதிரி இல்லை, உள்ளங்காலிலும் அப்படியே. சின்ன வயதில் குடித்த அடிபம்புத் தண்ணீரால் வந்ததாம், அதில் ஆர்செனிக் என்ற விஷம் இருந்தது என்றார்.

எங்கள் போர் 60 அடி. கரிக்கும், குடத்தில் பிடித்து வைத்தால் காலையில் மேலே பாலாடை மாதிரி மஞ்சள் ஆடை. குடிக்க வண்டித் தண்ணீர், சோறு குழம்புக்குப் போர்தான். ஆர்ஓ சுத்திகரிப்பு மெஷின் விற்க வந்தவர் மீட்டரை விட்டு 1400 காட்டி, விஷம் இருக்கு சார் என்கிறார். அம்மா காய்ச்சினால் போயிடும் என்கிறார். யார் சொல்வது சரி?

உப்புக்காற்று:
இரண்டு பேருமே தப்பு. அந்த மீட்டர் கரைந்த மொத்த உப்பைத்தான், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். ஆர்செனிக்குக்கு வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், 1400 காட்டுகிற மீட்டரில் அது எங்கே தெரியப்போகிறது? காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், ஆர்செனிக் பானையிலேயே இருக்கும். நிறம், மணம், ருசி எதுவும் கிடையாது, அதுதான் அதன் கெட்ட குணம்.

வங்காளத்தில் அதை யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை. இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்த வண்டலில் இரும்புத்துருவோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மண்ணுக்குள் மக்குகிற தாவரம் ஆக்சிஜனைத் தீர்த்துவிட, நுண்ணுயிரிகள் அந்தத் துருவைக் கரைக்க, ஆர்செனிக்கும் தண்ணீரில் இறங்கிவிடுகிறது. குளத்துத் தண்ணீரால் வயிற்றுப்போக்கு வருகிறது என்று வங்கதேசத்தில் 1970களில் நல்ல எண்ணத்தில்தான் அடிபம்பு போட்டார்கள். பக்கத்து மேற்கு வங்கத்தில் 1983 வாக்கில் கல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாகா கண்டுபிடிக்கும்வரை இந்தத் தோல் நோய் எதனால் என்று அங்கே யாருக்கும் பிடிபடவில்லை. கையில் காய்ப்பு வரவே பல வருஷம் ஆகும், புற்றுநோய் அதற்கும் பின்னால்.

உங்கள் மஞ்சள் ஆடை இரும்பு. இரும்பு இருந்தால் ஆர்செனிக்கும் இருக்கும் என்று அர்த்தமில்லை, இல்லை என்றும் இல்லை. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். வழக்கமான பரிசோதனையில் ஆர்செனிக் வராது, தனியாகக் கேட்க வேண்டும், பாட்டிலையும் அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். மோட்டாரை கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள். அதுவரை அந்தத் தண்ணீரில் சோறு பொங்க வேண்டாம், அரிசி அதை அப்படியே குடித்துவிடும். குளிக்க, துவைக்கப் பயமில்லை.

மண்டபம் பழசு:
ஒரு விஷயம் சேர்த்துக்கொள்கிறேன். வங்காளத்தில் போரை ஆழமாகப் போட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம் என்பார்கள், அதைக் கேட்டு இங்கே யாரும் ரிக் வண்டியைக் கூப்பிட்டுவிடாதீர்கள். நம் கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே அது ஒரு அடி இருந்தால் கீழே 40 அடி இருக்கும் என்பது பழைய கணக்கு, மேலே ஒரு அடி இறைத்தால் கீழே உப்பு 40 அடி ஏறும். என் பக்கத்து வீட்டுக்காரர் 40 அடியை 120 ஆக்கினார், கிடைத்தது கடல். எங்கள் அப்பத்தா ஊற்றுத் தோண்டி, கலங்காமல் சிரட்டையால் மொண்டுதான் குடத்தை நிரப்பும், அவசரப்பட்டால் கரிக்கும் என்று திட்டும்.

ஆர்ஓவுக்கும் ஒரு வார்த்தை. நிலத்தடியில் காற்றுப் படாமல் கிடக்கிற வகை ஆர்செனிக்கை அது அரைகுறையாகத்தான் பிடிக்கும். ஆய்வு முடிவு வராமல் காசை இறைக்காதீர்கள்.

ஆமாம், அந்த வண்டித் தண்ணீர் எங்கே பிடிக்கிறார்கள் என்று கேட்டீர்களா?

தேவிபட்டினத்தான்:
இப்போதுதான் கேட்டேன். அண்ணே, நம்ம தோப்பு போர்தான் என்கிறார் வண்டிக்காரர். சரி, இரண்டு பாட்டிலாகவே வாங்கிக்கொள்கிறேன்.