சாலை மறியலில் சிக்கியவர்கள், உட்கார்ந்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகும் வழியில் மறியல். எங்களுக்கு முன்னால் நின்ற ஆம்புலன்ஸுக்கு உடனே வழி விட்டார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டயாலிசிஸ்காரர்கள் பெரும்பாலும் சைரன் வைத்த வண்டியிலா போகிறார்கள்? இறங்கிப் போய் ஃபைலைக் காட்டி, அம்மா சேலையை விலக்கிக் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக்குழாய்களை இணைத்து வைப்பது) போட்ட இடத்தைக் காட்டிய பிறகுதான் ஒரு பையன் குறுக்கே நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தினான். "எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க சார்" என்றான். பொய்யில்லைதான். ஆனாலும் நோயாளி என்று நடுரோட்டில் நிரூபிக்க வேண்டியது அம்மாவா? போய்ச் சேர்ந்தபோது அடுத்த ஷிஃப்ட் ஆள் காத்திருந்தார். அம்மாவுக்கு மெஷின் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். கோரிக்கை நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதை நிறைவேற்றக்கூடிய ஒருவர்கூட அந்த வண்டி வரிசையில் இல்லை.

---

நான் உட்கார்ந்த பக்கம். மனு கொடுத்தோம், ஓரமாக நின்று கோஷம் போட்டோம், ஒரு நிருபர்கூட எட்டிப் பார்க்கவில்லை. ரோட்டில் உட்கார்ந்த அன்று மாலையே பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். அதனால் மறியலே தப்பு என்பதை ஏற்க மாட்டேன். ஆனால் மேலே சொன்ன அம்மாவைத் தேடிப் போக வேண்டியது எங்கள் பொறுப்பு. வண்டி வண்டியாகப் போய் விசாரிக்கத் தனியாக ஆள் போட வேண்டும். அதுவும் போதாது. ஜெர்மனியில் 'லெட்ஸ்டே கெனரேஷன்' என்ற காலநிலைப் போராட்ட அமைப்பினர் சாலையில் கையைப் பசையால் ஒட்டிக்கொண்டு மறித்த காலத்தில், அவசர வண்டி வந்தால் எழுந்து வழிவிடச் சிலரை ஒட்டாமல் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்டவர்களின் போராட்டத்தால்தான் 2022 அக்டோபர் 31 அன்று பெர்லினில் நெரிசல் உண்டாகி, விபத்து இடத்துக்குப் போன மீட்பு வண்டி பின்னால் மாட்டிக்கொண்டது. சிகிச்சை முடிவு அதனால் மாறவில்லை என்று அங்கிருந்த மருத்துவர் குறித்திருந்ததாகச் செய்தி வந்தது. சரி, அன்று மாறவில்லை.

---

பஸ் டிரைவர் நான். திட்டெல்லாம் எனக்குத்தான். போன தடவை ஒரு கர்ப்பிணிப் பெண் பாத்ரூம் போக இடமில்லாமல் தவித்ததுதான் கண்ணிலேயே நிற்கிறது. முன்கூட்டியே சொன்னால் வேறு வழியில் போய்விடுவோம். 1965இல் அமெரிக்காவில் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காகச் செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு நடந்தவர்கள் திட்டத்தை நீதிமன்றத்திலேயே கொடுத்தார்கள். சாலை இருவழியாகக் குறுகும் இடத்தில் 300 பேருக்கு மேல் கூடாது என்றார் நீதிபதி. அதையும் ஏற்று நடந்தார்கள், போராட்டம் ஒன்றும் சிறுத்துப் போகவில்லையே?

---

(உட்கார்ந்த பக்கம்தான்) அவர்களுக்கு அனுமதி கொடுக்க ஒரு நீதிபதி கிடைத்தார் அண்ணே. நாங்கள் முன்கூட்டியே சொன்னால் ராத்திரியே வீட்டுக்கு வந்து தூக்கிவிடுவார்கள்.