புயல் 'வலுவிழந்தது' என்றால் மழையும் குறையும் என்று பொருளா?

கேள்வி (ஊத்தங்கரை விவசாயி):

அனைவருக்கும் வணக்கம். 2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை பகலில், ஃபெஞ்சல் புயல் வலுவிழந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகிவிட்டது என்று தொலைக்காட்சியில் கேட்டேன். முந்தைய இரவே அது புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்திருந்தது. கடற்கரைக்கும் எங்கள் ஊருக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர் இருக்கிறது. இனி நமக்குத் தூறலோடு போய்விடும் என்று எண்ணி, அறுத்து வைத்திருந்த கேழ்வரகுக் கதிரைத் தார்ப்பாய் போட்டு மூடியதோடு விட்டுவிட்டேன். மறுநாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பதிவான மழை 50 சென்டிமீட்டர். ஏரி நிரம்பி வழிந்து, சாலையில் நின்ற வண்டிகளை அடித்துச் சென்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என் போரில் அடிப்பகுதி முழுவதும் முளைத்துவிட்டது.

யார் மீதும் குறை சொல்ல எழுதவில்லை. கடலில் இருந்தபோது புயலாக இருந்தது கரைக்கு வந்து வலுவிழந்த பிறகு, கடலையே பார்க்காத எங்கள் மாவட்டத்தில் இவ்வளவு மழையை எப்படிக் கொட்டியது? வலுவிழந்தது என்ற சொல்லை நான் எப்படிப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்?

மறுமொழி 1 (அரூரிலிருந்து, ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்):

ஐயா, தங்கள் ஐயம் மிக நியாயமானது. அன்று எங்கள் அரூரிலும் 33 சென்டிமீட்டர் பெய்தது. நானும் அதே செய்தியைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனவன்தான்.

வலுவிழந்தது என்னும் சொல் காற்றின் வேகத்தை மட்டுமே குறிக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில், மையத்தைச் சுற்றி வீசும் காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை இருந்தால் தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62ஐத் தொட்டால் புயல், 89ஐத் தொட்டால் தீவிரப் புயல். இந்தப் படிகளில் மழைக்கு இடமே இல்லை. 61 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்வது புயல் ஆகாது. ஆனால் அதன் மேகங்களில் உள்ள நீர் அந்த ஒரு கிலோமீட்டர் குறைவால் குறைந்துவிடுவதில்லை.

காற்று ஏன் தணிகிறது என்பதையும் பார்ப்போம். கடற்பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும்போது, அங்கிருந்து ஆவியாகும் நீர் மேலே சென்று குளிர்ந்து மேகமாகையில் வெளிவிடும் வெப்பமே புயலுக்குத் தீனி. நிலத்துக்குள் வந்ததும் காலடியில் அந்தத் தீனி இல்லை. மரமும் மேடும் காற்றைத் தடுக்கின்றன. ஆகவே சுழற்சி தளர்கிறது. ஆனால் சுழற்சியின் கிழக்குப் பாதி இன்னும் வங்கக் கடலின் மேல்தான் விரிந்து கிடக்கிறது. நம் அரைக்கோளத்தில் தாழ்வழுத்தத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக வீசுவதால், மையத்துக்கு வடக்கே இருக்கும் ஊர்களுக்குக் கடற்காற்று கிழக்கிலிருந்து நேராக வந்து சேரும். கொக்கி போட்ட இறைகுழாய் போல, தலை நம் ஊரிலும் வால் கடலிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் முதன்மையான காரணம், என் கருத்தில், அது நகர்ந்த வேகம். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா தீவிரப் புயலாக வந்தது; காற்றால் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டு விரைந்து உள்நாட்டைக் கடந்து போயிற்று. ஃபெஞ்சலோ காற்றில் அதைவிடச் சிறியது. ஆனால் கரை கடந்த பிறகு புதுச்சேரி அருகிலேயே பல மணி நேரம் அசையாமல் நின்றது. மேலடுக்கில் அதை இழுத்துச் செல்லும் காற்று வலுவற்று இருந்ததே காரணம். பிறகு மெதுவாக மேற்கே நம் பக்கம் ஊர்ந்து வந்து, அரபிக்கடலை நோக்கிச் சென்றது.

நில அமைப்பையும் மறந்துவிடக் கூடாது. வடக்கே சவ்வாது மலை, தெற்கே கல்வராயனும் சித்தேரியும். நடுவே செங்கத்திலிருந்து சிங்காரப்பேட்டை வழியாக ஒரு கணவாய். கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று அந்த வாயில் நுழைந்து மேட்டில் ஏறும்போது மழையைக் கூடுதலாக இறக்கும்.

50 சென்டிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டருக்கு 500 லிட்டர். ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 20 லட்சம் லிட்டர். நம் மாவட்டங்களின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் ஒரே நாளில் இறங்கியிருக்கிறது. எந்தத் தார்ப்பாயும் தாங்கியிருக்காது, ஐயா.

மறுமொழி 2 (பாலக்கோட்டுக்காரர், தற்போது கடலூரில் துறைமுகப் பணி):

ஆசிரியர் ஐயா சொன்னதில் மறுப்பு இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஃபெஞ்சல் கடலில் இருந்தபோதே குழப்பம் தொடங்கிவிட்டது. அது தாழ்வு மண்டலமாகவே கரை கடக்கும் என்று முதலில் எதிர்பார்த்தார்கள். நவம்பர் 29 அன்றுதான் புயலாகிப் பெயர் பெற்றது. புயல் இல்லையாம் என்று கேட்டவுடன் பலர் அலட்சியமானதை இங்கே துறைமுகத்திலேயே கண்டேன். பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அது எத்தனை மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பதே நல்லது.

கேட்டவரின் தொடர்ச்சி:

மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் மீனவர்களுக்கான எச்சரிக்கையை நான் படித்துப் பயன் உண்டா? 'தென்மேற்கு வங்கக் கடலில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும்' என்று வரும்போது எங்களுக்கென்ன என்று இதுவரை கடந்துவிடுவேன்.

மறுமொழி 3 (கடலூரிலிருந்து):

பாதி பயன் உண்டு, அண்ணா. அந்த எச்சரிக்கை படகுக்காக எழுதப்படுவது. நமக்கு வேண்டிய மழை அளவு அதில் இருக்காது. எனினும் எந்தக் கடற்பகுதியில், எந்தத் தேதி வரை என்று அதில் இருப்பதை நாள்தோறும் ஒப்பிட்டால், அமைப்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பிடிபடும்.

ஒரு பொறியும் உண்டு. 'கடல் சீற்றம்' என்று செய்தி வந்தால் உடனே மழையை எதிர்பார்க்காதீர்கள். தெற்கு இந்தியப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எழும் அலை, காற்றே இல்லாத தெளிந்த நாளில் வந்து நம் கரையில் ஏறும். கேரளத்தில் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அதற்குத் தனி எச்சரிக்கை தருகிறது. அது உங்கள் களத்துக்கு வேண்டியதன்று.

நீங்கள் பார்க்க வேண்டியது தாழ்வு மண்டலம் பற்றிய அறிக்கையில் வரும் இரண்டு வரிகள்: மையம் இருக்கும் இடம், கடந்த 6 மணி நேரத்தில் நகர்ந்த வேகம். 'அதே பகுதியில் நிலைகொண்டுள்ளது' என்று இருந்தால், வகை எதுவானாலும் கதிரை மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். மாவட்ட வாரியான மழை எச்சரிக்கையில் சிவப்பு என்றால் 20 சென்டிமீட்டருக்கு மேலும் பெய்யக்கூடும் என்று பொருள். அதைப் புயல் செய்தியோடு கலக்காமல் தனியாகப் படியுங்கள்.

கேட்டவர்:

நல்லது, தம்பி. களத்துக்கு மேற்கே பாறைமேடு ஒன்று சும்மா கிடக்கிறது. இந்தக் கார்த்திகையில் போரை அங்கேயே போட்டுவிடுகிறேன். வண்டிப் பாதை மட்டும் செப்பனிட வேண்டும்.