பட்டனில் சுழலும் வட்டம் – உங்கள் அனுபவம் என்ன?

ஒரு கல்லூரிக்குக் கட்டணம் கட்டும் பக்கம் செய்து கொடுத்தோம். 'பணம் செலுத்து' பட்டனை அழுத்தினால் சர்வர் பதில் சொல்ல நாலைந்து விநாடி ஆகும், அதுவரை பட்டன் அசையாமல் அப்படியே இருக்கும். கடைசித் தேதியன்று பெற்றோர் பலர் அழுத்தியது பதியவில்லை என்று நினைத்து மறுபடியும் அழுத்த, சிலருக்கு இரண்டு தடவை பணம் போய்விட்டது. வட்டிக்கு வாங்கிக் கட்டியதாக ஒரு அம்மா போனில் சொன்னது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அன்று ராத்திரியே, வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று காட்ட, பட்டனுக்குள் சுழலும் வட்டத்தைப் போட்டேன். ஆனால் எழுத்து போய் வட்டம் வந்ததும் பட்டன் சுருங்கி, பக்கத்தில் இருந்த 'ரத்து செய்' நகர்ந்து விரலுக்கு அடியிலேயே வந்து நின்றது! அகலத்தை மாறாமல் வைத்து, வட்டத்தோடு 'செலுத்தப்படுகிறது' என்ற எழுத்தையும் சேர்த்தேன். நல்ல நெட் இருக்கும் இடத்தில் வட்டம் மின்னி மறைந்தது பிழை மாதிரி தெரிந்ததால், இப்போது அழுத்தியவுடன் நிறம் மாறும், வட்டம் 300 மில்லிவிநாடி கழித்துத்தான் வரும். 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும், 10 விநாடியைத் தாண்டினால் கவனம் கலைந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் யாக்கோப் நீல்சன் 1993இல் எழுதியது எவ்வளவு சரி என்று அப்போதுதான் புரிந்தது. இரட்டைப் பணத்தைத் தடுப்பது வட்டத்தின் வேலை இல்லை, அதற்கு ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் சர்வரே ஏற்காதபடி செய்தோம்.

பதில்:
எங்களுடையது மருந்துக்கடைக் கணக்கு மென்பொருள். திரையின் மேலே 'சேமிக்கப்படுகிறது' என்று ஒரு பேனர், அதில் கோடு ஓடிக்கொண்டே இருக்கும். நெட் போனாலும் ஓடும், ஏனென்றால் அது பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் எழுதிய வெறும் அனிமேஷன், சர்வரில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதை நம்பிக் காத்திருந்த கடைக்காரர் ஒருவர் கடைசியில் கணினியை அணைத்துவிட்டுப் போக, ஒரு நாள் சரக்குப் பதிவு முழுக்கப் போயிற்று. இப்போது 15 விநாடிக்குள் பதில் வராவிட்டால் கோடு நின்று, 'சேமிக்க முடியவில்லை, மீண்டும் முயல்க' என்று வரும். பதிவு அந்தக் கணினியிலேயே பத்திரமாக இருக்கும். பொய்யாக ஓடும் அனிமேஷனை விட ஒன்றுமே இல்லாமல் இருப்பது மேல்.

பதில்:
நான் பார்வையற்றவன், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை வைத்து இணையம் பார்க்கிறேன். நீங்கள் போடும் வட்டம் எனக்கு இல்லவே இல்லை. போதாததற்கு, அழுத்தியதும் பட்டனை டிசேபிள்டு, அதாவது முழுக்கச் செயலற்றதாக, ஆக்கிவிடுகிறார்கள், உடனே ஃபோகஸ் (விசைப்பலகை நிற்கும் இடம்) நழுவி, பக்கத்தில் எங்கே இருக்கிறேன் என்றே தெரியாமல் தேட வேண்டியிருக்கிறது. பணம் கட்டும் நேரத்தில் இது எவ்வளவு பயம் தெரியுமா? அதற்குப் பதிலாக, ஃபோகஸை நழுவவிடாமல் பட்டன் இப்போது செயல்படாது என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் ஏரியா-டிசேபிள்டு போட்டு, இரண்டாவது அழுத்தலை ஸ்கிரிப்டில் தடுத்துவிடுங்கள். நிலையைச் சொல்லும் வரிக்கு ரோல் ஸ்டேட்டஸ் என்ற குறிப்பை நிரலில் கொடுத்தால் திரைவாசிப்பான் தானே படித்துவிடும். மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்துவதற்காக 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 வழிகாட்டி இதைத்தான் கேட்கிறது. தொடங்கும்போது ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை சொன்னால் போதும், விநாடிக்கு விநாடி 'ஏற்றப்படுகிறது' என்று கத்த வேண்டாம்.

பதில்:
முதலில் எழுதியவன்தான். இதைப் படித்ததும் எங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், டிசேபிள்டுதான் போட்டிருக்கிறேன். நாளைக் காலையில் மாற்றிவிடுகிறேன், அண்ணா. மாற்றியதும் ஒரு தடவை சோதித்துப் பார்த்துச் சொல்ல முடியுமா?